புதிதாகச் சேரும் பிசிஷியன் அசிஸ்டென்ட்டின் தகுதிச் சரிபார்ப்புச் செலவு யாருடையது?

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி), கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் பணிபுரிகிறேன். பெங்களூரு, சென்னை, சேலம் நெடுஞ்சாலைகள் கூடும் ஊர் என்பதால் எலும்பு முறிவும் தலைக்காயமும் எங்களுக்கு அன்றாடம். எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் இரண்டு பிசிஷியன் அசிஸ்டென்ட்களை (மருத்துவரின் மேற்பார்வையில் சிகிச்சைப் பணிகளில் உதவும் பட்டதாரிகளை) அண்மையில் தேர்ந்தெடுத்திருக்கிறோம். இருவரும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகள்; ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியையும் முடித்தவர்கள்.

மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச்.-இன் தரச்சான்றுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருப்பதால், இவர்களுக்கான கோப்பை முறையாகத் தயாரிக்க வேண்டியுள்ளது. பட்டத்தின் உண்மைத்தன்மையைப் பல்கலைக்கழகத்திடம் உறுதி செய்வது, முந்தைய பணியை ஒரு முகமை மூலம் சரிபார்ப்பது, காவல்துறைச் சரிபார்ப்பு, பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு), ஏ.சி.எல்.எஸ். (இதய நோயாளிகளுக்கான மேம்பட்ட உயிர்காப்பு) பயிற்சிகள், மருத்துவப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம் இருக்கிறது. பங்குதாரர்களில் ஒருவர், இவற்றையெல்லாம் முதல் மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்கிறார். நாம் செலவு செய்து ஆளைத் தயார் செய்தால் ஓராண்டில் ஓசூருக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள் என்பது அவருடைய ஆதங்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மற்றொரு பங்குதாரரான மூத்த மருத்துவர், கேட்பது நாம், ஆகவே கொடுப்பதும் நாமே என்கிறார். பிற மருத்துவமனைகளின் வழக்கத்தையும் சட்ட நிலையையும் அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மாந்தோப்பு (ஓசூர்), பதில்:

வணக்கம் ஐயா. மருத்துவமனை மனிதவளப் பிரிவில் நெடுங்காலம் இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் ஒரே பட்டியலில் சேர்த்திருக்கும் செலவுகள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. பணியாளர் நாளை வேலையை விட்டுச் செல்லும்போது எந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார், எந்தத் தாள் உங்கள் அலமாரியிலேயே தங்கிவிடுகிறது என்று பாருங்கள். பட்டம், துணைநிலை மருத்துவத் தொழிலுக்கான கவுன்சிலில் பெறும் பதிவு ஆகியவை அவர் பெயரில் இருப்பவை. எங்கு சென்றாலும் அவருடன் செல்பவை. உண்மைத்தன்மை குறித்த பல்கலைக்கழகத்தின் பதில், முகமையின் அறிக்கை, எந்தெந்தச் செயல்முறைகளை மருத்துவரின் மேற்பார்வையில் அவர் செய்யலாம் என்று உங்கள் குழு வழங்கும் செயல் அனுமதி ஆகியவை உங்கள் கோப்புக்கு மட்டுமே உரியவை. அடுத்த மருத்துவமனை இவற்றை ஏற்பதில்லை. தானே மீண்டும் ஒருமுறை சரிபார்க்கும். பணியாளருக்குத் துளியும் பயன்படாத ஒரு தாளுக்கு அவரிடம் பணம் வாங்குவது, வீட்டு வேலைக்கு நாமே வரவழைத்த ஆளிடம் கதவைத் திறந்துவிடக் கூலி கேட்பது போன்றது.

மருத்துவப் பரிசோதனையும் தடுப்பூசியும் விவாதத்துக்கே உரியவை அல்ல. மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, பணியில் சேரும்போதும் அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பணியாளர்களுக்கு உடல்நலப் பரிசோதனை செய்வதையும், ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்குத் தடுப்பூசி போடுவதையும் மருத்துவமனையின் கடமைகளாகவே வைத்திருக்கின்றன. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முதல் தவணைக்குப் பின் ஒரு மாதத்திலும் ஆறாவது மாதத்திலும் போட வேண்டியிருப்பதால், முதல் ஊசிக்கான பணத்தைச் சம்பளத்தில் பிடித்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பணம் பிடிக்காமல் மூன்றையும் ஒழுங்காகப் போடுவது மேல்.

எஞ்சுவது பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். மட்டுமே. அமெரிக்க இதயச் சங்கத்தின் அந்தச் சான்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும், அவர் பெயரில் இருக்கும், அவருடனே போகும். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவரை நிறுத்த அவை வேண்டும் என்று சொல்வது மருத்துவமனைதான். சேரும்போதே செல்லுபடியாகும் சான்றுடன் வருபவருக்கு நாங்கள் எதுவும் தருவதில்லை. சான்று இல்லாமல் வருபவருக்கும், பணியில் இருக்கும்போது புதுப்பிப்பவருக்கும் நாங்களே கட்டுகிறோம்.

அரூர்க்காரர் (அமெரிக்கா), பதில்:

வணக்கம். அரூரில் பிறந்து, இப்போது அமெரிக்காவில் ஒரு மருத்துவக் குழும அலுவலகத்தில் இதே கோப்புகளைக் கையாளுகிறேன். இங்குள்ள நடைமுறையை அப்படியே பின்பற்ற முடியாது என்றாலும், இந்தக் கேள்வி இங்கே எவ்வாறு தீர்க்கப்படுகிறது என்பதை அறிவது உங்களுக்கு உதவலாம்.

இங்கே பிசிஷியன் அசிஸ்டென்ட் தேசியத் தேர்வுக்கு 550 டாலர் கட்ட வேண்டும். பெரும்பாலும் வேலை கிடைப்பதற்கு முன்பே எழுதப்படுவதால் அதை மாணவரே கட்டுகிறார். அடையாள எண்ணான என்.பி.ஐ.க்குக் கட்டணமே இல்லை. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதுவதற்கான டி.இ.ஏ. பதிவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 888 டாலர். இதையும் மாநில உரிமத்தைப் புதுப்பிக்கும் செலவையும் வேலை தரும் குழுமம் ஏற்பது பரவலான வழக்கம். தகராறு எழும் இடம் வேறு. சம்பளம் தருவது மருத்துவர்களின் குழுமம். நோயாளி படுத்திருப்பதோ வேறொரு நிர்வாகத்தின் மருத்துவமனை. அங்கே பணிபுரிய அனுமதி தருவதற்கு அந்த மருத்துவமனை விண்ணப்பதாரரிடம் ஒரு விண்ணப்பக் கட்டணம் கேட்கும். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டால் புதிதாகச் சேர்ந்தவர் தன் கையிலிருந்து கட்டிவிட்டுப் பின்னர் அலைவார். உங்கள் இடத்தில் வேலை தருபவரும் மருத்துவமனையும் ஒருவரே என்பதால் அந்தச் சிக்கலுக்கே இடமில்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். சில குழுமங்கள் கட்டணங்களைத் தாங்களே கட்டுவதாகச் சொல்லிவிட்டு, தொடர்கல்விக்கென ஒதுக்கிய ஆண்டுத் தொகையிலிருந்து அதைக் கழித்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு 100 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்டியாக வேண்டியவருக்கு இது வலது கையால் கொடுத்து இடது கையால் வாங்குவதே.

உண்மையில் இங்கே கட்டணங்களைப் பற்றி எவரும் அதிகம் பேரம் பேசுவதில்லை. காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியலில் புதியவரின் பெயர் ஏறுவதற்கு மூன்று, நான்கு மாதங்கள் ஆவது இயல்பு. அதுவரை அவர் பார்க்கும் நோயாளிகளுக்கு அவர் பெயரில் பணம் கோர முடியாமல் ஏற்படும் இழப்பின் முன் இந்தக் கட்டணங்கள் மிகச் சிறியவை. உங்கள் பங்குதாரர் கணக்குப் பார்க்க வேண்டியதும் அதையே: கோப்பு முடியும்வரை அந்த இருவரும் என்ன செய்வார்கள், அந்த நாள்களுக்குச் சம்பளம் உண்டா?

பாலக்கோடு (தருமபுரி), பதில்:

மேலே கேட்கப்பட்ட கடைசிக் கேள்வியை நானும் கேட்க விரும்புகிறேன், ஏனெனில் நான் இந்த வேலையைச் செய்பவன். சரிபார்ப்பு முடியவில்லை என்ற காரணத்தால் செயல் அனுமதி வழங்காமல், ஆனால் நாள்தோறும் வரச்சொல்லி, வார்டில் குறிப்பெழுதவும் ஸ்கேனுக்கு நோயாளியை அழைத்துச் செல்லவும் வைத்துவிட்டு, அந்த வாரங்களுக்குப் பயிற்சிக் காலம் என்று பெயர் சூட்டிப் பாதிச் சம்பளம் தந்த இடத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். சான்றிதழ்ச் சரிபார்ப்புக்காக என்னிடம் பிடித்த தொகை எனக்கு நினைவில்லை. அந்தப் பாதிச் சம்பளம் நினைவிருக்கிறது.

இந்தப் படிப்பு நம் நாட்டில் 1992-இல் சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே. எம். செரியனின் முயற்சியால் தொடங்கியது. தேசிய அளவில் எங்களைச் சட்டப்பூர்வப் பதிவுக்குள் கொண்டுவந்த துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்துறையினர் ஆணையச் சட்டம் 2021-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகளும், எங்கள் தகுதியை எடைபோடும் பொறுப்பு முழுவதும் வேலை தரும் மருத்துவமனையிடமே இருந்தது. எனவே சரிபார்ப்பு என்பது மருத்துவமனை தன் நோயாளிகளுக்குக் காட்ட வேண்டிய பொறுப்பே ஒழிய, எங்களுக்குச் செய்யும் உபகாரம் அன்று. பதிவுக் கட்டணத்தை நானே கட்டுகிறேன், அதில் எனக்குக் குறை இல்லை. அந்த எண் என்னுடையது.

அசல் சான்றிதழ்களை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள் ஐயா. பார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள்.

வழக்காடுபவன் (தருமபுரி), பதில்:

சட்ட நிலையைச் சுருக்கமாகத் தெரிவிக்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019, 18-ஆம் பிரிவில் சம்பளத்திலிருந்து எவற்றைப் பிடிக்கலாம் என்று பட்டியலிடுகிறது. வேலைக்கு வராத நாள்கள், பணியாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, முன்பணம், வருமான வரி, வருங்கால வைப்புநிதி போன்றவை அதில் உள்ளன. ஆளெடுக்கும் செலவு என்ற தலைப்பு இல்லை. அனுமதிக்கப்பட்ட பிடித்தங்களும் மொத்தத்தில் அக்காலத்து ஊதியத்தின் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முன்பணம் என்று எழுதிப் பிடித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். பணியாளர் கேட்டு, அவர் கைக்குப் போன பணம் முன்பணம். மருத்துவமனை தன் கோப்புக்காகப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய பணத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், அது முன்பணமே என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை உங்கள் தலையில் விழும்.

பணியாளர் இடையில் சென்றுவிடுவார் என்ற அச்சத்துக்குத் தனி மருந்து இருக்கிறது. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகள் பணியாற்ற வேண்டும், இடையில் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனையைச் செல்லும் என்றது. ஆனால் அங்கே ஒரு பொதுத்துறை வங்கி திறந்த போட்டியின் மூலம் மீண்டும் ஆளெடுக்க வேண்டியிருந்த செலவைக் கருத்தில் கொண்டே அந்தத் தொகை நியாயமானது எனப்பட்டது. இதைப் படித்துவிட்டு, சில ஆயிரம் ரூபாய் செலவிட்ட மருத்துவமனை லட்சக்கணக்கில் பத்திரம் எழுதி வாங்கினால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கிடைப்பது அரிது. அசல் சான்றிதழ்களைப் பற்றி மேலே நண்பர் எழுதியது சரியே. அவை விற்பனைச் சரக்கு அல்ல, அவற்றின் மீது பிடிமான உரிமை (பாக்கிக்கு ஈடாகப் பிடித்து வைக்கும் உரிமை) கோர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியுள்ளது.

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி):

அனைவருக்கும் நன்றி. பதில்களைப் பங்குதாரர்கள் இருவரிடமும் காட்டினேன். சரிபார்ப்பு, பரிசோதனை, தடுப்பூசி ஆகியவற்றை மருத்துவமனையே ஏற்பதில் இப்போது கருத்து வேறுபாடு இல்லை. கோப்பு முடியும்வரையிலான நாள்களுக்கு முழுச் சம்பளம் என்பதற்கும் ஒப்புக்கொண்டார்கள். ஏ.சி.எல்.எஸ். கட்டணத்தில் மட்டும் முதலாமவர் இன்னும் இறங்கி வரவில்லை. மூன்றே மாதத்தில் ஒருவர் விலகினால் அந்தச் சான்றால் பயன்பெறுவது பெங்களூரு மருத்துவமனைதானே என்கிறார். இதற்கு நியமன ஆணையில் எவ்வாறு எழுதலாம்?

மாந்தோப்பு (ஓசூர்):

அந்த ஒன்றுக்கு அவர் சொல்வதில் நியாயம் உண்டு ஐயா. எங்கள் நியமன ஆணையில் உள்ள வாசகம் ஏறத்தாழ இது: “பயிற்சிக் கட்டணத்தை மருத்துவமனை செலுத்தும். பயிற்சி முடிந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் பணியாளர் தாமாக விலகினால், எஞ்சிய மாதங்களின் விகிதப்படி அக்கட்டணத்தை மட்டும் ரசீதின் அடிப்படையில் திருப்பிச் செலுத்த வேண்டும். மருத்துவமனை பணிநீக்கம் செய்தால் இது பொருந்தாது.” பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டியிருந்து ஒன்பதாம் மாத முடிவில் அவர் விலகினால், கேட்க வேண்டியது மூவாயிரம். ஆணையில் கையெழுத்து வாங்கும் முன் இதை வாய்மொழியாகவும் சொல்லிவிடுங்கள். ரசீதின் நகல் ஒன்றை அவரிடமும் கொடுங்கள். விலகுபவரின் கடைசிச் சம்பளத்தை இப்போது இரண்டு வேலை நாள்களுக்குள் தீர்க்க வேண்டியிருப்பதால், இந்தத் தொகையைக் காரணம் காட்டி அதை நிறுத்தி வைக்காதீர்கள். தனியாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள். எங்களிடம் பெரும்பாலானோர் கட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.