படிக வடிவங்களை ஒப்பிட்டு வகைப்படுத்தக் கற்பிப்பது எப்படி?

கேள்வி
வணக்கம். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குச் சமையல் உப்பு, படிகாரம், சர்க்கரை, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஆகியவற்றின் படிகங்களைக் கைவில்லை வழியே காட்டி, வடிவத்தைக் கொண்டு வகைப்படுத்தச் சொன்னேன். பெரும்பாலோர் நிறத்தையும் பருமனையும் வைத்தே பிரித்தார்கள். உப்பிலேயே கனசதுரமாக இருந்த துகளையும் நீண்ட பெட்டி போல இருந்த துகளையும் இருவேறு பொருள்கள் என்று எழுதினார்கள். ஏழு படிகத் தொகுதிகளை, அதாவது சமச்சீர்மையைக் கொண்டு படிகங்களைப் பிரிக்கும் ஏழு வகைகளை, முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாமா?

மறுமொழி 1
வேண்டாம் என்பேன். அவை வெறும் பெயர்ப்பட்டியலாக மனப்பாடமாகும், அவ்வளவுதான். கோணத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு திசையில் வேகமாகவும் மற்றொன்றில் மெதுவாகவும் வளர்வதால் படிகம் நீண்டோ தட்டையாகவோ அமையலாம். ஆனால் ஒரே பொருளின் படிகங்களில் ஒத்த முகங்களுக்கு இடையிலுள்ள கோணம் மாறுவதில்லை. 1669-இல் டென்மார்க் அறிவியலாளர் ஸ்டெனோ, குவார்ட்ஸ் என்னும் கனிமத்தின் படிகங்களைக் கொண்டு எடுத்துக்காட்டியது இதைத்தான். இரண்டு அட்டைப் பட்டைகளைக் குண்டூசியால் இணைத்துப் படிகத்தின் இரு முகங்களோடு ஒட்டிப் பிடித்து, விரிந்த அளவைப் பாகைமானியில் பார்க்கச் சொல்லுங்கள். குவார்ட்ஸ் ஒல்லியாக இருந்தாலும் தடித்திருந்தாலும் அடுத்தடுத்த பக்க முகங்களுக்கு இடையே 120 பாகைதான் வரும். உப்புத் துகளை இப்படி அளக்க இயலாது. விரல் நுனி அளவுள்ள படிகமாவது வேண்டும்.

மறுமொழி 2
மேலே சொன்னது சரியே. ஆயினும் கோணத்தோடு நின்றுவிட்டால் வேறொரு சிக்கல் எழும். உப்பு கனசதுரமாகவும் படிகாரம் எட்டு முக்கோண முகங்கள் கொண்ட எண்முகியாகவும் வளர்கின்றன. தோற்றமும் கோணமும் வேறுபட்டாலும் இரண்டும் ஒரே கனசதுரத் தொகுதியைச் சேர்ந்தவை. இதைச் சொல்லி நம்பவைப்பது கடினம், செய்துகாட்டினால் எளிது. காகிதக் கனசதுரத்தை எதிரெதிர் மூலைகளில் இரு விரல்களால் பிடித்துச் சுழற்றினால், ஒரு முழுச் சுற்றுக்குள் மூன்று முறை அதே தோற்றம் வரும். எண்முகியை எதிரெதிர் முகங்களின் நடுவில் பிடித்துச் சுழற்றினாலும் அப்படியே. இப்படிச் சுழற்றும் கோட்டை அச்சு என்பார்கள். இரண்டிலும் இத்தகைய அச்சுகள் நான்கு உண்டு என்பதை மாணவர்களே எண்ணிக் கண்டுகொள்ளட்டும். இந்த நான்கு அச்சுகளே கனசதுரத் தொகுதியின் அடையாளம். நீண்ட காகிதப் பெட்டியில் ஒன்றுகூட அகப்படாது. உங்கள் நீண்ட உப்புத் துகளோ வளர்ச்சியில் நீண்டதே தவிர, அதன் உள்ளமைப்பு கனசதுரத் தொகுதிதான்.

மறுமொழி 3
இரண்டு எச்சரிக்கைகள். உடைந்த துண்டைப் படிக வடிவமாகக் கொள்ள வேண்டாம். கால்சைட் என்னும் கனிமம் உடைந்தால் கிடைக்கும் சாய்ந்த பெட்டி அதன் பிளவுத் தளங்களால் (எளிதில் பிளக்கும் தளங்களால்) ஆனது, கால்சைட் வளரும் வடிவங்களோ பல. மயில்துத்தம் நச்சுத்தன்மை உடையது, ஆகவே மூடிய கண்ணாடிக் குப்பியில் வைத்தே காட்டுங்கள். சர்க்கரையை அடுத்த பாடத்துக்கு ஒத்திவைக்கலாம். அதன் முகங்களை இனம்காண்பது தொடக்கநிலையினருக்குச் சற்றுக் கடினம்.