கறுப்பு வெள்ளை நெகட்டிவை ஸ்கேன் செய்தால் வெள்ளை வளையங்களும் கரும்புள்ளிகளும் தெரிகின்றன

கேள்வி (சத்துவாச்சாரி)

அன்புடையீர், வணக்கம். வேலூர்க் கோட்டை அகழியோரம் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் ஃபிலிமில் எடுத்த சுருளை வீட்டிலேயே டி-76 டெவலப்பரில் கழுவி, எப்சன் வி600 ஸ்கேனரில் ஏற்றினேன். வானம் வரும் படங்களில் எல்லாம் வெள்ளை வளையங்களும், சிலவற்றில் குண்டூசி முனையளவு கரும்புள்ளிகளும் உள்ளன. கலர் நெகட்டிவ் என்று தேர்ந்தெடுத்து, தூசு நீக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதியைப் போட்டுப் பார்த்ததில், கறை போகாமல் மதிற்கற்கள்தாம் மெழுகு பூசியதுபோல் குழைந்தன. கடைசி அலசலுக்கு எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரையே பயன்படுத்தினேன். குறை ஸ்கேனரிலா, என் கைவேலையிலா?

பதில் (காட்பாடி)

முதலில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். அது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, அந்த ஒளி தடைபடும் இடத்தைத் தூசு என்று முடிவுகட்டுகிறது. கலர் ஃபிலிமின் சாயங்கள் அவ்வொளிக்கு வழிவிடும். உங்கள் ஃபிலிமில் படத்தை உருவாக்கும் வெள்ளி உலோகமோ அதை மறிப்பதால், கோட்டை மதிலே அதற்குத் தூசாகத் தெரிந்திருக்கிறது. சாயத்தால் உருவாகும் எக்ஸ்பி2 போன்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு மட்டும் அது உதவும்.

அடுத்து, நெகட்டிவைச் சற்றே நகர்த்தி வைத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் அதே இடத்தில் கறை நின்றால் அது ஃபிலிமில் இருக்கிறது. இடம் மாறினால் கண்ணாடியில் இருக்கிறது.

பதில் (ராணிப்பேட்டை)

வெள்ளையும் கறுப்பும் இரு வேறு நோய்கள். இரண்டுக்கும் ஒரே மருந்தைத் தேடாதீர்கள். நெகட்டிவின் மேல் ஏதேனும் ஒட்டிக்கொண்டு ஒளியை மறைத்தால் அது படத்தில் வெள்ளையாக வரும். வெள்ளி உருவாக வேண்டிய இடத்தில் உருவாகாமல் போனால் கறுப்பாக வரும்.

வளையங்கள் பெரும்பாலும் நம் ஊர் உப்புத் தண்ணீரின் வேலை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதே, துளி காயும்போது அதன் ஓரத்தில் வட்டமாகத் தங்கிவிடுகிறது. நெகட்டிவை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் எந்தப் பக்கத்தில் படிந்திருக்கிறது என்பது தெரியும். பளபளப்பான பக்கத்தில் என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் இலேசாகத் துடைக்கலாம். படம் பதிந்திருக்கும் மங்கலான எமல்ஷன் பக்கத்தில் என்றால் தேய்க்கவே கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் நீரில் ஊறவைத்து, நீர் துளியாகத் தங்காமல் வழிந்தோடச் செய்யும் ஃபோட்டோ-ஃப்ளோ திரவம் கலந்த டிஸ்டில்டு வாட்டரில் (200 பங்கு நீருக்கு 1 பங்கு) முக்கியெடுத்துத் தொங்கவிடுங்கள். மின்விசிறிக்கு அடியில் மட்டும் வேண்டாம், வளையம் போய்த் தூசு வந்து சேரும்.

கரும்புள்ளி சரியான வட்டமாக இருந்தால், டெவலப்பர் ஊற்றியபோது காற்றுக்குமிழி ஒட்டியிருந்தது என்று பொருள். அடுத்த முறை ஊற்றியவுடன் ஃபிலிம் கழுவும் டாங்கின் அடியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஒழுங்கற்ற வடிவமாக இருந்தால், படமெடுத்தபோதே கேமராவுக்குள் தூசு இருந்திருக்கிறது. இரண்டுமே கழுவினால் போகாதவை. கணினியில் ஒவ்வொன்றாகத் தொட்டு நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

கேட்டவர் மீண்டும்

இருவருக்கும் நன்றி. நகர்த்தி ஸ்கேன் செய்தும் கறைகள் படத்தோடேயே வந்தன. வளையங்கள் எமல்ஷன் பக்கத்தில் இருந்ததால் ஒரு துண்டை மட்டும் சொன்னபடி ஊறவைத்துக் காயவிட்டேன். இரண்டு மங்கலான தடங்களைத் தவிர மற்றவை மறைந்தன. கரும்புள்ளிகள் அத்தனையும் வட்டமே. நான் டாங்கைத் தட்டியதே இல்லை.