மகள் எனக்குப் பிறந்தவள் இல்லை என்றால் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டுமா?

இலைலாரி, கோத்தகிரி

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரிக்குப் பச்சை இலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். கல்யாணமாகி ஒன்பது வருடம், மகளுக்கு ஏழு வயது. போன வருடம் ஒரு சண்டையில் என் மனைவி "அவ உனக்குப் பொறந்தவளே இல்ல" என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் வந்த வார்த்தை என்றுதான் நினைத்தேன், ஆனால் மறுநாள் நிதானமாகக் கேட்டபோதும் அவள் மறுக்கவில்லை. இப்போது இருவரும் அருவங்காட்டில் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள். போன வாரம் சம்மன் வந்தது, தனக்கும் மகளுக்கும் சேர்த்து மாதம் பதினைந்தாயிரம் கேட்டிருக்கிறாள்.

லாரி ஸ்டாண்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், டிஎன்ஏ எடு, ஒரு பைசா தராதே. எனக்கு முடிவு எடுக்கத் தெரியவில்லை. சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனால் மகள் என் ஸ்வெட்டரில் ஒட்டியிருக்கும் இலைத் துணுக்கை எல்லாம் பொறுக்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பாள். அந்த பாட்டில் இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது, இலையெல்லாம் கறுத்துவிட்டது. சட்டம் என்ன சொல்கிறது? நான் கேட்டால் கோர்ட் டிஎன்ஏ எடுக்கச் சொல்லுமா?

கறுப்புக்கோட்டு, ஊட்டி

தம்பி, இருபது வருடமாக இந்த மாதிரி வழக்குகளைப் பார்க்கிறேன், ஸ்டாண்டில் சொல்வதை வைத்து எதுவும் செய்யாதீர்கள்.

செல்லுபடியாகும் திருமணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த குழந்தை கணவனின் குழந்தைதான், அதுதான் சட்டத்தின் ஆரம்பப் புள்ளி. 1872 சாட்சியச் சட்டத்தில் 112-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 116. இதை உடைக்க வேண்டுமென்றால், கரு உண்டான காலத்தில் நீங்கள் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் ஒரே வீட்டில்தானே இருந்தீர்கள்? அப்படியானால் மனைவி சண்டையில் சொன்ன ஒரு வார்த்தை போதாது.

டிஎன்ஏ கேட்டவுடன் கிடைக்காது. 1993-லேயே கௌதம் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 2023 பிப்ரவரியில் அபர்ணா ஃபிரோடியா வழக்கில் கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் அனுமதித்த டெஸ்டையே ரத்து செய்தார்கள். அம்மா அப்பா சண்டைக்குக் குழந்தையின் பிறப்பைக் கிளறக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

மறுபக்கமும் உண்டு. 2014-ல் நந்தலால் பட்வாய்க் வழக்கில் கோர்ட் உத்தரவுப்படி எடுத்த டெஸ்ட் இரண்டு முறையும் 'இல்லை' என்று வந்தது. அறிவியல் நிரூபித்த பிறகு சட்டத்தின் அனுமானத்தைப் பிடித்துத் தொங்க முடியாது, இனி அவர் அந்தப் பெண் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். அதுவரை கொடுத்த பணம் கொடுத்ததுதான், திரும்பக் கேட்க முடியாது.

அப்புறம், வாய்தாவுக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நீங்கள் இல்லாமலேயே உத்தரவு போட்டுவிடுவார்கள், கட்டாமல் விட்டால் வாரண்டு, ஜெயில் வரை போகும்.

மலைக்காற்று, குன்னூர்

வக்கீல் சாருக்கு மரியாதையோடு கேட்கிறேன், ஏமாற்றியது அவள், தண்டம் இவருக்கா? உண்மையான அப்பன் எவனோ அவன் கட்டட்டும். நம் ஊரில் ஆம்பளைக்கு நியாயமே கிடையாதா?

கறுப்புக்கோட்டு, ஊட்டி

உங்கள் ஆத்திரம் புரிகிறது. ஆனால் 'அவன் கட்டட்டும்' என்பதும் அவ்வளவு சுலபமில்லை. 2025 ஜனவரியில் இவான் ரத்தினம் வழக்கில், வளர்ந்த பிள்ளையே இன்னொருவரைத் தன் அப்பா என்று சொல்லி ஜீவனாம்சம் கேட்டும், திருமணத்தில் பிறந்ததால் அம்மாவின் கணவர்தான் சட்டப்படி அப்பா என்று தீர்ப்பாகிவிட்டது. சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபிக்கும் வரை இந்த வீட்டுக் கதவை மூடினால் அந்த வீட்டுக் கதவு திறக்காது, பிள்ளை நடுத்தெருவில்.

இன்னொன்று, மனைவியின் ஜீவனாம்சமும் மகளுடையதும் தனித்தனி. மனைவி இன்னொருவரோடு தகாத உறவில் வாழ்கிறார் என்று நிரூபித்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 144-வது பிரிவின்படி அவருக்குக் கிடைக்காது. அதை வைத்து மகளுடையதை நிறுத்த முடியாது.

பழனிமலைப்பேரிக்காய், கொடைக்கானல்

என் கதை வேறு. மூன்று வயதுப் பையனோடு இருந்த ஒரு விதவையைக் கட்டினேன். மாற்றான் பிள்ளைக்கு அந்த ஜீவனாம்சப் பிரிவில் மாற்றாந்தகப்பன் பெயர் இல்லை, கையை விரித்திருக்கலாம். நான் முறைப்படி தத்து எடுத்துப் பத்திரம் பதிவு செய்தேன், அதன் பிறகு ரத்து செய்ய வழி கிடையாது என்று சப்-ரிஜிஸ்டிரார் ஆபீசில் இரண்டு தடவை சொன்னார்கள். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். அண்ணா, உங்களுக்குக் கேட்காமலேயே ஒரு மகள் வந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

குறிஞ்சி, குன்னூர்

அண்ணா, நான் அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்தவள். எனக்கு ஒன்பது வயதில் ரத்தம் எடுக்கக் கூட்டிப்போனார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, காய்ச்சலுக்கு என்று நினைத்துக்கொண்டேன். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தால் அப்பா பெஞ்சில் இருக்கிறார், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறார். ரிசல்ட் என்ன என்று இங்கே எழுத மாட்டேன். நாங்கள் இருந்த எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஸ்கூலில் ஒரு பையன் 'உங்கப்பா யாரு' என்று கேட்டதிலிருந்து ஸ்கூலுக்கே போக மாட்டேன் என்று அடம் பிடித்தேன், ஒரு வருடம் வீணாகப் போனது. உங்களுக்குப் பணம் கஷ்டம் என்றால் கோர்ட்டில் சொல்லுங்கள். அவளை அந்த பெஞ்சுக்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள்.

இலைலாரி, கோத்தகிரி

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி, நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். டெஸ்ட் கேட்கப் போவதில்லை. மனைவி விஷயத்தை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை, அவள் மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு உண்டானதைக் கட்டிவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க விடச் சொல்லியும் கேட்க வேண்டும்.

வக்கீல் சார், எனக்கு வருமானம் சீசனுக்குத் தக்க மாறும், மழை மாதம் ஒரு கணக்கு, பனி மாதம் ஒரு கணக்கு. சம்பளச் சீட்டும் கிடையாது. அதை எப்படிக் காட்டுவது?

கறுப்புக்கோட்டு, ஊட்டி

வரவு, செலவு, கடன் எல்லாம் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும், 2020 ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்புக்குப் பிறகு இது இரு தரப்புக்கும் கட்டாயம். ஒரு வருட பேங்க் பாஸ்புக், ஃபேக்டரியில் கொடுக்கும் லோடு ரசீதுகள், லாரி லோன் இருந்தால் அதன் சீட்டு, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மகளைப் பார்க்கும் உரிமைக்குத் தனி மனு போட வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழு. வாய்தா தேதி என்ன?

இலைலாரி, கோத்தகிரி

வர்ற பதினெட்டாம் தேதி சார்.