கல்கி அட்டைகள்: துருப்பிடித்த பின்களும் பால் கணக்கும்

பரண்வாசி:
மன்னார்குடியில் அத்தை வீட்டுப் பரணை ஒழித்தபோது தகரப் பெட்டி ஒன்றில் 31 கல்கி இதழ்கள் கிடைத்தன. 1951 முதல் 1953 வரை வந்தவை. 'பொன்னியின் செல்வன்' தொடராக ஓடிய காலம். அட்டைகள் கிழியவில்லை. சிலவற்றின் மூலையில் ஓவியர் மணியத்தின் கையெழுத்து இருக்கிறது. ஆனால் ஸ்டேப்ளர் பின்கள் துருவேறிக் காகிதத்தை அரிக்கின்றன. அவசரப்பட்டு ஓர் இதழின் அட்டையை லேமினேஷன் செய்யக் கொடுத்தேன். அப்பளம் போல் நெளிந்து திரும்பி வந்தது. மீதி முப்பதையும் பைண்டு செய்துவிடலாமா? இன்னொன்று: ஓர் அட்டையில் வானம் முழுக்க அத்தை பென்சிலால் பால் கணக்கு எழுதியிருக்கிறார். அழிக்கலாமா?

பைண்டர் மகன்:
வேண்டவே வேண்டாம். என் அப்பா தஞ்சாவூரில் நாற்பது வருடம் பைண்டு செய்தவர். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துக் கட்டாகக் கொண்டுவருவார்கள். முழு இதழாகத் தந்தாலும், "கதை போதும், அட்டை எதற்கு?" என்பார்கள். அப்பா கழற்றிப் போடுவார். நான் பள்ளி நோட்டுக்கு உறை போடுவேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. பைண்டு செய்த தொடர்கதை பல வீடுகளில் இருக்கிறது, அட்டைதான் இல்லை.

பின்னைப் பிடித்து இழுக்காதீர்கள். நடுப்பக்கத்தைப் பிரித்து, மொண்ணைக் கத்தியால் பின்னின் இரு கால்களையும் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக உருவுங்கள். அதே துளையில் பருத்தி நூல் கோத்தால் போதும். செல்லோ டேப் கூடவே கூடாது. பழுப்புக் கறையாக நின்றுவிடும். மைதாப் பசையும் வேண்டாம். மயில்துத்தம் கலக்காத பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து.

மூர் மார்க்கெட் அகதி:
1985-இல் சென்னையின் பழைய புத்தகச் சந்தையான மூர் மார்க்கெட் எரிந்த பிறகு திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய இதழ்களைத் தேடத் தொடங்கியவன் நான். முதலில் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள். அந்தச் சூட்டில் தாள் முறுக்குபோல் நொறுங்கும். உள்தாளின் அமிலம் அட்டையையும் பழுப்பாக்கும். இடையில் அமிலமற்ற தாள் ஒன்று வைத்து, பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். மலிவான பிவிசி உறை மையோடு ஒட்டிக்கொள்ளும். அட்டையை மட்டும் கழற்றிச் சட்டம் போட்டு மாட்டும் ஆசை வரும், எனக்கும் வந்தது. வெயில் பட்டுச் சிவப்பும் மஞ்சளும் வெளுத்து, நீலம் மட்டும் மிஞ்சியது. ஸ்கேன் எடுத்து அதை மாட்டுங்கள்.

பால் கணக்கை ரப்பரால் தேய்த்தால் வானமும் சேர்ந்து போகும். விட்டுவிடுங்கள்.

பரண்வாசி:
இரண்டு நாளில் ஒன்பது இதழ்களின் பின்களை எடுத்துவிட்டேன். ஒன்றில் மட்டும் துளை சற்றுக் கிழிந்தது. பென்சிலைத் தொடவில்லை. அத்தைக்கு இப்போது 91 வயது. அந்த அட்டையைக் காட்டினேன். படத்தைப் பார்க்கவே இல்லை. விரலை வைத்துக் கணக்கைக் கூட்டிவிட்டு, "இரண்டணா அதிகம் கொடுத்திருக்கிறேன்" என்றார்.