அராபிக்கா காபியில் போரர் (தண்டைத் துளைக்கும் வண்டு): செடியைப் பிடுங்கத்தான் வேண்டுமா?

கேள்வி (பண்ணைக்காடு)
ஒன்றரை ஏக்கர் அராபிக்கா, எட்டு வயசுச் செடி. பழம் எடுத்து முடித்துப் பார்த்தால் முப்பது செடி மஞ்சளித்துத் தொங்குது. தண்டைச் சுற்றி வரிவரியாகப் புடைப்பு. போன வருஷம் நிழல் மரம் கழித்த மேற்குச் சரிவில்தான் அதிகம். சிரிஞ்சில் மருந்து ஏற்றியும் கேட்கவில்லை. மார்ச் பிறக்கப்போகுது, என்ன செய்யலாம்?

பதில் (தாண்டிக்குடி)
அண்ணே, அது போரர்தான், வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்கிற வண்டோட புழு. புழு குடைந்த வழியை மரத்தூளாலும் எச்சத்தாலும் இறுக்கி அடைத்துக்கொண்டே போகும். மருந்து புழு வரைக்கும் போய்ச் சேராது, அந்தச் செலவை நிறுத்திவிடுங்கள்.

வண்டு பறப்பது ஏப்ரல்-மே, அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதனால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் புடைப்புள்ள செடியைத் தேடி எடுத்துவிட வேண்டும். தண்டை மேலிருந்து துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே வாங்க. துளை முடிந்து நல்ல மரம் தெரிந்தால் அங்கேயே நிறுத்தலாம், கீழே துளிர் வரும். வேருக்கு இறங்கியிருந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

கேள்வி
வெட்டின தண்டை விறகுக்கு அடுக்கி வைக்கலாமா?

பதில் (தாண்டிக்குடி)
வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கிற புழு ஏப்ரலில் வண்டாகி அந்த அடுக்கிலிருந்தே தோட்டத்துக்குத் திரும்பும். வெட்டிய கையோடு எரித்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

பதில் (பாச்சலூர்)
மிச்சச் செடிகளையும் காப்பாற்றணுமே. பெண் வண்டு பட்டை வெடிப்பில்தான் முட்டை வைக்கும். தேங்காய் நார்க் கையுறை போட்டு மெயின் தண்டையும் தடித்த கிளைகளையும் தேய்த்து, காய்ந்த பட்டையை எடுங்கள். அரிவாளால் சுரண்டினால் பச்சைப் பட்டை காயமாகிவிடும். பிறகு 20 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ சுண்ணாம்பு, ஒட்டுவதற்குக் கொஞ்சம் ஃபெவிகால். துணியில் வடிகட்டாவிட்டால் ஸ்பிரேயர் நாசில் அடைக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் அடிக்கணும்.

இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 10, உங்களுக்கு 15. ஆண் வண்டின் வாசனைக்குப் பெண் வண்டு வந்து மாட்டும். ஆனால் பொறியை மட்டும் நம்பி, நோய்ப்பட்ட செடியை விட்டுவைக்காதீர்கள்.

மூல காரணம் வெயில். நல்ல வெயில் விழும் தண்டைத்தான் வண்டு தேடி வரும். மேற்குச் சரிவில் மழை பிடித்ததும் முள்முருங்கைக் கொம்பு நடுங்கள், அது தழையும் வரை மலைவாழை நிழல் கொடுக்கட்டும். அக்டோபர் மழையில் சுண்ணாம்பு கரைந்துபோகும். மழை விட்டு வெயில் அடிக்கிற நாளில்தான் வண்டு சுறுசுறுப்பாகப் பறக்கும், அதனால் சுண்ணாம்பு கரைந்துபோன தண்டுகளுக்கு உடனே மறுபடி அடியுங்கள்.