உலாவியில் விடை வருகிறது, என் கண்காணிப்பு நிரலில் மட்டும் சிவப்பு: உதவி தேவை

காரைக்குடி தம்பி:
நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் சுற்றியுள்ள ஊர்களோடு வரைபடத்தில் காட்ட ஒரு பக்கம் செய்து வருகிறேன். பொது இணைத்தரவுச் சேவை (ஒன்றோடொன்று இணைத்த தரவுகளை இணையத்தில் எல்லோருக்கும் தருவது) ஒன்றிலிருந்து, அதற்கான கேள்வி மொழியான ஸ்பார்க்கிலில் (SPARQL) எழுதிய வினவல் மூலம் தரவு எடுக்கிறேன். சேவை ஓடுகிறதா என்று பார்க்க, முழு வினவலையும் நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்புகிறேன். 'சரி' என்று பொருள்படும் 200 என்ற பதில் எண் வந்தால் பச்சை, வேறு எது வந்தாலும் சிவப்பு. நேற்று மத்தியானம் முழுக்கச் சிவப்பு. அதே வினவலை உலாவியில் போட்டால் விடை வருகிறது! போன வாரம் பச்சையாக இருந்தபோது அந்த ஒன்பதில் வேலங்குடியும் இரணியூரும் வரைபடத்தில் இல்லை.

தேவகோட்டை:
சிவப்பு வந்தபோது என்ன எண் வந்தது, தம்பி?

காரைக்குடி தம்பி:
429, அண்ணே.

தேவகோட்டை:
அப்படியென்றால் சேவை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அளவுக்கு மீறிக் கேட்டதால் உங்களை நிறுத்தி வைத்திருக்கிறது. விக்கித்தரவு என்ற பொதுச் சேவையில், ஒருவருடைய வினவல்களைக் கணிக்க ஒவ்வொரு 60 நொடிக்கும் 60 நொடி நேரம்தான் தருவார்கள். ஐபி முகவரியையும், கேட்கும் நிரல் தன்னை அறிவிக்கும் யூசர்-ஏஜென்ட் பெயரையும் சேர்த்து ஆளை அடையாளம் காண்பார்கள். உங்கள் சேவையும் அப்படி என்றால் உலாவி வேறு ஆளாகத் தெரிந்திருக்கும். 429-உடன் 'ரிட்ரை-ஆஃப்டர்' என்று எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்பதும் வரும், அதை மதியுங்கள். உயிர் இருக்கிறதா என்று பார்க்க 'ஆஸ்க்' வினவல் போதும், ஆம் இல்லை மட்டும் சொல்லும். மணிக்கு ஒரு தடவை தாராளம்.

பள்ளத்தூர்:
எனக்கு இரண்டு கோயில் விடுபட்டும் வந்த அந்தப் பச்சைதான் கவலை. விர்ச்சுவோசோ என்ற தரவுத்தள மென்பொருளில் ஓடும் சேவைகளை, நேரம் தீர்ந்தால் அதுவரை கிடைத்த வரிசைகளை 200-உடனேயே அனுப்பும்படி அமைக்க முடியும். விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்த தரவைத் தரும் டிபிபீடியாவில் ஒரு விடைக்கு 10,000 வரிசை என்ற வரம்பும் உண்டு. அதனால் எண்ணிக்கையையும் சோதியுங்கள், கோயில் ஒன்பதுக்குக் குறைந்தால் மஞ்சள். அப்புறம், நல்ல விடையைச் சேமித்து வையுங்கள். 2013-இல் வெளியான ஆய்வு 427 பொதுச் சேவைகளை 27 மாதம் கவனித்தது. மாதத்தில் 99 விழுக்காட்டுக்கு மேல் கிடைத்தவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்! கோயில் இடம் மாறப் போவதில்லை, சேமித்த பழைய நகலே போதும்.

காரைக்குடி தம்பி:
சரி அண்ணே, மாற்றிவிட்டேன். வினவலை ஊர்களுக்கு ஒன்று, கோயில்களுக்கு ஒன்று என்று பிரித்ததும் இரணியூரும் வேலங்குடியும் வந்துவிட்டன. யூசர்-ஏஜென்டில் என் மின்னஞ்சலும் போட்டிருக்கிறேன். காலையிலிருந்து ஒரு 429 கூட இல்லை.