கெளுத்தியின் 'பூட்டுமுள்'

அன்புடையீர், வணக்கம்.

கெளுத்தியின் முதுகுத் துடுப்பிலும் இரு மார்புத் துடுப்புகளிலும் முன்னோரமாக நிற்கும் கூரிய முள்ளுக்குப் பாடநூல் கலைச்சொல்லாகக் 'கொடுக்கு', 'நச்சுமுள்' என்னும் சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இவ்விரண்டையும் விட 'பூட்டுமுள்' பொருந்தும் என்று கருதுகிறேன்.

கெளுத்தி 'கொட்டிவிட்டது' என்று பேசுவது வழக்கம்தான். ஆயினும், தேளின் கொடுக்கு துளை வழியே நஞ்சைச் செலுத்துவது. கெளுத்தியின் முள்ளில் அப்படியொரு துளை இல்லை. முள்ளைப் போர்த்திய தோலில் இருக்கும் நச்சுச் செல்கள், முள் சதைக்குள் இறங்கும்போது கிழிந்து, நஞ்சு காயத்தில் கலக்கிறது. 'நச்சுமுள்' என்பதோ நஞ்சில்லாத கெளுத்தியினங்களை விட்டுவிடும். அவற்றின் முள்ளும் இதே பூட்டு முறையில்தான் நிமிர்ந்து நிற்கிறது.

அந்த முறைதான் இவ்வுறுப்பின் சிறப்பு. மார்பு முள்ளின் அடியில் உள்ள வளைந்த எலும்புப் புடைப்பு, தோள் எலும்பின் பள்ளத்துக்குள் சுழன்று இறுகுவதால், முள்ளை வெளியிலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அது மடங்குவதில்லை. மீனே தசையை இயக்கித் தளர்த்தினால்தான் மடங்கும். செத்த மீனிலும் இப்பூட்டு அவிழாமல் நிற்பதுண்டு. 1794-இல் ஜெர்மானிய மீனியலாளர் பிளாக் விவரித்த மிஸ்டஸ் விட்டேட்டஸ் என்னும் வரிக்கெளுத்தி ஒரு சாண் நீளத்தைத் தாண்டுவது அரிது. அத்தனை சிறிய மீன், மூன்று முட்களையும் விரித்துப் பூட்டிக்கொண்டால், விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் விழுங்க அரிதாகிவிடுகிறது.

பழநி மலையடிவாரத்தில், வரதமாநதி, குதிரையாறு அணைகளின் பக்கத்துக் குளங்களில் அந்தி சாய்ந்தபின் மண்புழு கோத்துத் தூண்டிலிடுவோர் இதைக் கையாலேயே அறிவர். அவர்கள் முள்ளை மடக்க முயலாமல், முட்களுக்குப் பின்னால் விரல்களைக் கொடுத்து மீனைப் பிடித்துத் தூண்டிலைக் கழற்றுவர். தூண்டிலின் கொக்கியும் முள். மீனின் எலும்பும் முள். வெறும் 'முள்' என்று பாடநூலில் எழுதினால் மாணவர் குழம்புவது உறுதி. 'பூட்டுமுள்' என்றால் அக்குழப்பம் நீங்குவதோடு, பூட்டல், பூட்டவிழ்தல் என்று வினைகளும் இயல்பாகக் கிடைக்கின்றன.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. முதுகுப் பூட்டுமுள்ளுக்கு முன்னால் மிகச் சிறிய முள்ளொன்று நின்று, நிமிர்ந்த பெரிய முள் சாயாமல் தடுக்கிறது. அதற்குத் தாழ்ப்பாள் என்னும் பொருளில் 'தாழ்முள்' என்று எழுதிப் பார்த்தேன். 'தாழ்வான முள்' என்று பொருள் கொள்ள இடமிருப்பதால் 'தடைமுள்' சிறந்ததோ என்று தோன்றுகிறது. மீனியல் கற்பிப்போர் இவ்விரண்டில் எதை ஏற்பர் என்று அறிய விரும்புகிறேன்.